ஏறு என்னும் வினை: தணிகைப் படியடியில் ஒரு சொல்லாராய்ச்சி

திருத்தணிகை மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைப் பக்கமாக மேல்நோக்கிச் செல்லும் படிக்கட்டின் தொடக்கத்தில், கிருத்திகை நாளொன்றில் சிறிது நேரம் செவியைத் தீட்டிக்கொண்டு நிற்பவருக்கு, தமிழில் மிகச் சாதாரணமானது என்று நாம் கருதிவரும் ஒரு வினைச்சொல் எத்தனை காரியங்களைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு நடமாடுகிறது என்பது பிரத்தியட்சமாக விளங்கும். ‘வெயில் ஏறறதுக்குள்ள மலை ஏறிடணும்மா’ என்று மாமனார் மருமகளை அவசரப்படுத்துவார்; ‘ஆடி பொறந்தாலே பூ விலை ஏறிடும் சாமி, நான் என்ன பண்றது’ என்று மாலை விற்கும் அம்மாள் நியாயம் சொல்லுவாள்; ‘காலையிலிருந்து சார்ஜ் ஏறவே இல்லப்பா’ என்று கைபேசியைத் தட்டிக்கொண்டே ஒரு பையன் தகப்பனைப் பின்தொடர்வான்; சற்றுத் தள்ளிச் சாலையில் நடத்துநர் ‘திருப்பதி ஏறு, திருப்பதி ஏறு’ என்று கூவுவார். சொன்னவர் நால்வர், சொல் ஒன்று. காலால் மேலே செல்லும் பொருள் அவற்றுள் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு சொல் பல பொருள் தருவது எல்லாப் பாஷைகளுக்கும் பொது. ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் ஓட்டவினைக்கு ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அறுநூற்றுக்கு மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டியிருப்பதாகச் சொல்லி வியப்பவர்கள் உண்டு. நமது ‘ஓடு’ம் அதற்கு இளைத்ததன்று, கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, காலம் ஓடுகிறது, ஒன்றும் ஓடாமல் மனிதர் உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஆனால் தொகையைக் கண்டு வியப்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. இத்தனை பொருள்களும் ஒரே சொல்லுக்குள் ஏன் கூடிவந்தன, எந்தச் சரடு அவற்றைக் கோத்திருக்கிறது என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி. அதை ‘ஏறு’ என்னும் வினையை வைத்துக் கேட்பதற்கு, நாள் முழுவதும் அச்சொல் ஒலிக்கும் இம்மலையடியைவிடப் பொருத்தமான ஸ்தலம் கிடைப்பது அரிது.

ஏறுதல் என்றால் மேலே போதல் என்று முதலில் தோன்றும். அது முழு உண்மையன்று. புகை மேலே போகிறது. புகை ஏறுகிறது என்று நாம் சொல்வதில்லை, எழும்புகிறது என்கிறோம். பருந்து வானத்தில் உயரப் பறக்கிறதேயன்றி ஏறுவதில்லை. ஆனால் அந்தப் புகையே அடுப்பங்கரைச் சுவரில் வருஷக் கணக்காகப் படிந்தால் ‘சுவரில் புகை ஏறிப்போயிற்று’ என்கிறோம். ஆகவே உயரம் மட்டும் இந்த வினைக்குப் போதாது. ஏறுவதற்குப் பிடிமானமாக ஒரு பொருளும், கடப்பதற்கு ஒரு விளிம்பும், கடந்தபின் தங்குவதற்கு ஓர் இடமும் வேண்டும். உயர்தலுக்கு எதிர்மொழி தாழ்தல். ஏறுதலுக்கு எதிர்மொழி இறங்குதல். ‘விலை உயர்ந்தது’ என்பது அரசாங்க அறிக்கையின் பாஷை. ‘ஏறின விலை இறங்கவே இல்லை’ என்று சந்தையில் பேசும்போது, விலையானது பரணின்மீது ஏறி உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாலும் வராத ஒரு பிராணியைப்போல நம் கண்முன் நிற்கிறது. மூட்டை சுமப்பவரும் மாலை கட்டுபவரும் இந்த இரண்டாவது வாக்கியத்தையே சொல்லுகிறார்கள் என்றால், அதில் அவர்கள் அனுபவித்த வேதனை இருக்கிறது என்பதே காரணம்.

‘கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானாம்’ என்ற பழமொழியில் வானமும் ஏறப்படுகிறதே என்று கேட்கலாம். அந்தப் பழமொழியின் சுவையே அங்கேதான் இருக்கிறது: கால் வைக்க இடமில்லாத வானத்தை, கூரையைப்போலவே ஏறக்கூடிய ஒரு பொருளாக அந்த வீரன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவ்வினை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிடிமானம், விளிம்பு என்ற இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த பொருள் படி. தணிகைக்கு 365 படிகள் உண்டென்பதும், அவை ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்று ஜனங்கள் கொள்வதும் பிரசித்தம். 1910களின் இறுதியில், ஆங்கிலப் புத்தாண்டன்று உத்தியோகஸ்தர்கள் வெள்ளைக்காரத் துரைமார்களின் பங்களாப் படியேறி எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்த வழக்கத்தைக் கண்டு மனம் பொறாத வள்ளிமலைத் திருப்புகழ்ச் சச்சிதானந்த சுவாமிகள், அந்த நாளில் தணிகைவேலனாகிய துரையின் படியை ஏறுங்கள் என்று அன்பர்களை அழைத்து, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக் கற்பூரம் ஏற்றி மேலே செல்லும் திருப்படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தார். அது இன்றளவும் டிசம்பர் 31இல் நடந்துவருகிறது. மலையேறுவதற்கு வண்டிச் சாலை இருந்தும் அன்றைக்கு ஜனங்கள் படியையே நாடுகிறார்கள். யாருடைய படியை ஏறுவது என்ற கேள்விக்குச் சுவாமிகள் அளித்த விடை அது. அந்தக் கேள்வி நம் வியவகாரத்தில் எத்தனை ஆழமானது என்பதைப் பேச்சுவழக்கே காட்டும்.

‘கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்’ என்பது பெருமை. ‘போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வைத்துவிட்டாயே’ என்பது அழுகை. ‘இனி உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்’ என்பது உறவை அறுக்கும் சபதம். ‘ஏறாத ஆபீஸ் இல்லை’ என்பது மனுக் கொடுத்துக் களைத்தவனின் வாழ்க்கை வரலாறு. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழியில், சொல்லுக்கே கால் முளைத்து, அம்பலத்தின் படியில் தடுக்கப்பட்டு நிற்கிறது. சொல்லை மட்டுமா தடுத்தார்கள்? தலைமுறை தலைமுறையாகக் கோயில் படியை ஏற விடாமல் நிறுத்தப்பட்ட மக்கள் 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துள் சென்றதும், 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியதும் இந்த வினையின் சரித்திரத்தைச் சேர்ந்தவை என்றே நான் கருதுகிறேன். சட்டம் வகுத்தவர்கள் ‘பிரவேசம்’ என்று எழுதினார்கள். தடுக்கப்பட்டிருந்தவர்கள் அதைப் ‘படியேறினோம்’ என்று சொல்வார்கள். தடையின் பாரமும் அது நீங்கியதன் மகிழ்ச்சியும் பின்னதில்தான் இருக்கின்றன. ‘ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்’ என்று, ஏறப்படுகிற பொருளுக்கும் ஒரு மனம் உண்டென்பதை மறவாத ஒரு பழமொழியும் நம்மிடம் இருக்கிறது.

இனி இலக்கணத்துக்கு வருவோம். தணிகைக்கும் வேற்றுமை இலக்கணத்துக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. முத்துசுவாமி தீக்ஷிதர் இம்மலைப் படியில் அமர்ந்திருந்தபோது ஒரு முதியவர் வந்து அவர் வாயில் கற்கண்டை இட்டார் என்றும், அந்தக் கணமே மாயாமாளவகௌளை இராகத்தில் முதற் கீர்த்தனம் பிறந்தது என்றும் சங்கீத உலகம் சொல்லி வருகிறது. அம்முதற் கீர்த்தனம் குருகுகன்மீது வடமொழியின் எட்டு விபக்திகளிலும் அமைந்த தொகுதியின் தலைமணி. அதில் இறைவன் எழுவாயாக நிற்கிறான். இறைவன் பெயரை எட்டு வேற்றுமையிலும் நிறுத்திப் பார்த்த அந்த முறையில் நாம் ‘ஏறு’ என்னும் வினையோடு வரும் பெயர்களை நிறுத்திப் பார்த்தால், அகராதிகள் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு நியதி தென்படுகிறது.

ஏழாம் வேற்றுமை நின்றால் உடலின் செயல்: ‘தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டான்’ என்றால் இடங்கொடுத்தவன்மீது ஒருவன் அதிகாரம் செலுத்துகிறான். நான்காம் வேற்றுமை வந்தால் ஊடுருவல்: ‘தலைக்கு ஏறிவிட்டது’ என்றால் கள்ளோ, பணமோ, பதவியோ உள்ளே புகுந்து ஆளையே மாற்றிவிட்டது. உருபு மாறியதே தவிர, தலையும் மாறவில்லை, வினையும் மாறவில்லை. உருபே இல்லாமல் பெயரும் வினையும் ஒட்டி நிற்கும்போது விஷயம் இன்னும் விசித்திரமாகிறது. ‘ரயிலில் ஏறினான்’ என்றால் பெட்டியை வைத்துவிட்டு அவன் இறங்கியும் வரலாம்; ‘ரயில் ஏறினான்’ என்றால் ஊரை விட்டுப் போய்விட்டான். அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடைப்பட்ட இந்தத் தணிகை ஸ்டேஷனில், மகளை ‘ரயில் ஏற்றிவிட்டு’ வீடு திரும்புகிற தாய் அவளைப் பெட்டிக்குள் தூக்கி வைத்ததாகச் சொல்லவில்லை, பிரிந்து வந்ததைச் சொல்லுகிறாள். கரையில் ஏறியவன் உடை நனைந்து நிற்கிறான், கரையேறியவன் பிழைத்துவிட்டான். அரங்கில் ஏறியவன் நாற்காலியை ஒழுங்கு செய்ய ஏறியிருக்கலாம். அரங்கேறிய நூலோ புலவர் சபையின் அங்கீகாரம் பெற்றுவிட்டது. குடியேறுதல், வெளியேறுதல், முன்னேறுதல், நிறைவேறுதல் ஆகியவற்றில் மேடு என்பதே இல்லை. உருபு நின்றால் செயலாகவும், உருபு மறைந்து தொகையானால் மீளாத நிலைமாற்றமாகவும் இவ்வினை பொருள்படுகிறது என்பது என் துணிபு. மரம் ஏறுதல், படி ஏறுதல் முதலிய விலக்குகள் இல்லாமலில்லை. ஆயினும் ‘மரத்தில் ஏறினான்’ என்பது சிறுவனின் விளையாட்டாகவும் ‘மரம் ஏறுகிறார்’ என்பது ஒருவருடைய ஜீவனமாகவும் பிரிந்து நிற்பதைக் கவனித்தால், விலக்குகளும் முழுக்க விலகிவிடவில்லை என்று தோன்றும்.

இவ்விடத்தில் பத்திரிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கொடூரச் சம்பவம் அரங்கேறியது’ என்று எழுதுவது இப்போது பெருவழக்காகிவிட்டது. கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறியது என்று பக்தியோடு சொல்லிவந்த சொல்லைக் கொலைக்கும் கொள்ளைக்கும் கொடுப்பது மனத்துக்கு உறுத்துகிறது. ‘நடந்தது’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

விளிம்பைக் கடந்தது தங்கிவிடும் என்று முன்னே சொன்னேன். தங்குதல் என்கிற அந்த அம்சமே மிகுந்து நிற்கும் பிரயோகங்கள் ஒரு பெருங் கூட்டம். பாம்பு கடித்தால் விஷம் ஏறுகிறது. பித்தளையில் களிம்பு ஏறுகிறது. பழைய வீணையில் நாதம் ஏறுகிறது. படித்துப் படித்தும் கணக்கு மண்டையில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றுகிறார்கள். சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுகிறார்கள். ‘உருவேறத் திருவேறும்’ என்கிற மூதுரை, மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜபத்தைப் பற்றியது. ஒவ்வொரு உருவும் முந்தியதன்மேல் படிந்து கனக்கிறது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. கைபேசியில் ‘சார்ஜ் ஏறுகிறது’ என்று சொல்லும் பையன், எவரும் கற்பிக்காமலே, இந்த உருவேற்றத்தின் இலக்கணத்தைத்தான் பின்பற்றுகிறான். கணினித் துறையார் ‘பதிவேற்றம்’, ‘பதிவிறக்கம்’ என்று ஆக்கிய சொற்கள் எளிதில் நிலைத்ததற்கும், கப்பலில் சரக்கை ஏற்றியும் இறக்கியும் பழகிய கடற்கரை மக்கள் ‘ஏற்றுமதி’, ‘இறக்குமதி’ என்ற சொற்களை நமக்குத் தந்து பாதையைச் செப்பனிட்டு வைத்திருந்ததே காரணமாகலாம். ‘ஏறு’ என்பதன் பிறவினையாகிய இந்த ‘ஏற்று’ வேறு. பதவி ஏற்றார், பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்பவற்றில் வரும், ஏல் என்னும் பகுதியிற் பிறந்த ‘ஏற்று’ வேறு. விளக்கை ஏற்றினார் என்றால் முன்னது, விருந்தை ஏற்றார் என்றால் பின்னது.

ஏறித் தங்கியது எவ்வாறு நீங்குகிறது என்பதும் ஆராயத்தக்கது. விஷம் இறங்குகிறது, விலை, எப்போதாவது, இறங்குகிறது, காய்ச்சல் இறங்குவதும் உண்டு, தணிவதும் உண்டு. தலைக்கேறிய கோபம் மட்டும் இறங்குவதில்லை; தணிகிறது. இறங்குதலில் ஏறியது அப்படியே வேறிடம் போகிறது. தணிதலில் அது தன் உருவையே இழந்து குளிர்கிறது. சூரனோடு செய்த போரின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் ஆதலால் இத்தலத்துக்குத் தணிகை என்ற பெயர் வந்தது என்று ஸ்தல வரலாறு கூறும். ஏனைய முருகன் தலங்களில் கந்தசஷ்டியன்று சூரசம்ஹாரம் நடக்கையில், இங்கே சம்ஹாரம் இல்லை, புஷ்பாஞ்சலி நடக்கிறது. சினம் இங்கே ‘இறங்கிற்று’ என்று பெயர் வைத்திருந்தால் அது அடிவாரத்தில் எங்கேனும் காத்திருக்கிறது என்ற பொருள் பட்டிருக்கும். பெயர் வைத்தவர்கள் சொல்லின் நுட்பம் அறிந்தவர்கள்.

மிக வியப்பான பிரயோகத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். சாமியாடி ஓய்ந்து அமர்ந்தால் ‘சாமி மலையேறிவிட்டது’ என்கிறோம். பூஜை விளக்கு நின்றுபோனால், அணைந்தது என்ற அமங்கலத்தை நாவால் சொல்லாமல், ‘விளக்கு மலையேறிவிட்டது’ என்கிறோம். ‘அந்தக் காலம் மலையேறிப் போச்சு’ என்று முதியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். மானம் போனால் அது ‘கப்பலேறிவிட்டது’. மேன்மையையும் வளர்ச்சியையும் குறிக்கிற ஒரு வினை இங்கே மறைவையும் இழப்பையும் குறிப்பானேன்? ரயில் ஏறிய மகளைப் பற்றிச் சொன்னதே இதற்கு விடை. ஏறுபவனுக்கு ஏறுதல் ஒரு சேர்க்கை. கீழே நிற்பவனுக்கு அது பிரிவு. தெய்வங்களுக்கு மலை சொந்த வீடு; சாமி தன் வீட்டுக்குப் போயிற்று, விளக்கின் ஜோதி தன் மூலஸ்தானத்துக்குப் போயிற்று; நாம் அடிவாரத்து இருட்டில் நிற்கிறோம். இத்தொடர்களையெல்லாம் ஆக்கியவர்கள் கரையிலும் அடிவாரத்திலும் நிற்பவர்களே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி போன்ற பெருநூல்கள் பொருள்களை எண்ணிட்டுத் தருகின்றன. சொல்பவர் எங்கே நின்று சொல்லுகிறார் என்பதையும் அவ்வெண்களோடு சேர்த்துக் காட்டினால், முரணாகத் தோன்றும் பொருள்கள் ஒன்றையொன்று விளக்கத் தொடங்கும்.

இந்த ஊரில் இன்னொரு பாஷையும் இதற்குச் சாட்சி சொல்லுகிறது. தெலுங்கில் ஏறுதலுக்கு ‘எக்கு’ என்று பெயர். எக்கி நின்று கிளையைப் பற்றுவது என்கிற நம் ‘எக்கு’க்கும் அதற்கும் உறவு இருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. விளக்கு நின்றுபோனால் தெலுங்கரும் ‘தீபம் கொண்டெக்கிந்தி’ என்பார்கள். கொண்ட என்றால் மலை. தமிழுக்கும் தெலுங்குக்கும் இந்த மங்கல வழக்குப் பொதுச் சொத்து. ஆனால் விலைவாசி எல்லை மீறிப்போனால் அதே சொல்லால் ‘தரலு கொண்டெக்காயி’ என்றும் அவர்கள் சொல்லுவார்கள். விலை மலையேறிவிட்டது என்று தமிழில் சொன்னால், விலை ஒழிந்தது என்றல்லவா ஒருவன் மகிழ்ந்துபோவான்? ஒரே மலை, ஒரே ஏற்றம். தமிழன் அதில் மறைவைக் கண்டான், தெலுங்கன் மறைவோடு எட்டாத உயரத்தையும் கண்டான். மலையாளமோ வேறு திசையில் சென்று, ‘ஏறெ’ என்றால் மிகுதி, ‘ஏற்றவும்’ என்றால் எல்லாவற்றினும் மேல் என்று, இவ்வினையைக் கொண்டே ஒப்பீட்டு இலக்கணத்தை அமைத்துக்கொண்டது. நம் ‘ஏறக்குறைய’வில் அதன் சாயல் ஒன்று தங்கியிருக்கிறது.

1953 அக்டோபர் 1இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு அங்கே சென்ற இவ்வூர், ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் மேடை மேடையாக ஏறி நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாகவும், படாஸ்கர் தீர்ப்பின்படியும், 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்தோடு சேர்ந்தது. கோடு மாறியதே தவிர, படிக்கட்டில் இரு பாஷைகளும் இன்றைக்கும் அருகருகே ஏறிக்கொண்டிருக்கின்றன. இருமொழிக் குடும்பங்களின் வாயில் ஏறுவும் எக்குவும் ஒன்றின் பொருளை மற்றொன்று எப்படிக் கடன் வாங்குகிறது என்பதை ஊர் ஊராகச் சென்று குறித்து வைத்தல் அவசியம். எல்லைப்புறப் பேச்சு ஒரு தலைமுறைக்குள் பள்ளிக்கூடப் பாஷைக்கு இடம் கொடுத்து ஒதுங்கிவிடக் கூடியது.

அதற்கு முறை கற்பிக்க நாம் வெளியே போகவேண்டியதில்லை. ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடித் திருப்புகழை அச்சேற்றியவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை, முதற்பாகம் 1894இலும் இரண்டாம் பாகம் 1901இலும் வெளிவந்தன. தணிகைமணி என்று இவ்வூர்ப் பெயராலேயே விளங்கிய அவர் மகனார் வ. சு. செங்கல்வராய பிள்ளை, தேவாரத்துக்கும் திருவாசகத்துக்கும் ‘ஒளிநெறி’ என்ற பெயரில், சொல்லும் பொருளும் எங்கெங்கே வருகின்றன என்று இடஞ்சுட்டித் தொகுத்து வைத்தார். திருமுறைக்கு அவர் செய்ததை நடைபாதைப் பேச்சுக்கும் ஒருவர் செய்யலாம்: வினை ஒன்று, அதனோடு வந்த பெயர், உருபு நின்றதா மறைந்ததா, எதிர்மொழி இறங்குதலா தணிதலா தாழ்தலா, சொன்னவர் மேலே நின்றாரா கீழே நின்றாரா, வீட்டில் தெலுங்கு பேசுபவரா தமிழ் பேசுபவரா என்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சீட்டு. ஆடிக் கிருத்திகையின்போது காவடிகளோடு வரும் கூட்டத்தில், பஸ் நிலையத்திலும் பூக்கடையிலும் முடி காணிக்கை மண்டபத்திலும் ஆளுக்கொரு மூலையாக நின்று கல்லூரி மாணவர் சிலர் இதைத் தொடங்கலாம். சென்னைப் பேரகராதியில் ‘ஏறு’ என்ற தலைப்பின்கீழ் உள்ள பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாதவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.